ஊனக் கூடாத கால்

எந்தக் கால் என்பதுதான் ஜெரோமுக்குத் தெரியவில்லை.

ஒரு காலைத் தரையில் ஊனவே கூடாது என்று நர்ஸ் சொன்னது நன்றாக நினைவிருந்தது. ஊனினால் என்ன ஆகும் என்று சொன்னது அதைவிட நன்றாக நினைவிருந்தது. இடதா, வலதா என்பதில்தான் சிக்கல். அது தெரியாததால், திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனி கேட்டில், செக்யூரிட்டி யூனிஃபார்மும் தொப்பியுமாக அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். கால் மணி நேரம் இடது கால், கால் மணி நேரம் வலது கால். கெட்ட கால் எதுவாக இருந்தாலும் அதற்குப் பாதி நாள் ஓய்வு கிடைத்துவிடும் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

சூப்பர்வைசர் சுப்புராமன் பைக்கை நிறுத்திவிட்டு வந்து மேலும் கீழும் பார்த்தார்.

“என்னப்பா ஜெரோம், கேட்டாண்ட தவம் பண்றியா?”

“ஒரு காலு கெட்டுப்போச்சு சார்.”

“எந்தக் கால்?”

“அதைத்தான் சார் பாத்துகினு கீறேன்.”

சுப்புராமன் உள்ளே போய் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாக இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். கால் மாறியிருந்தது.

நடந்தது இதுதான். முந்தின நாள் ஞாயிறு, கோவளத்தில் பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்திலேயே சர்க்கரை நோயாளிகளுக்கு இலவசக் கால் பரிசோதனை நடந்தது. ஜெரோமும் அவர் மனைவி ஜெசிந்தாவும் போனார்கள். இருவருக்கும் சர்க்கரை உண்டு. ஆனால் அந்த வீட்டில் அவருக்கு இருப்பதற்குப் பெயர் சர்க்கரை வியாதி, அவளுக்கு இருப்பதற்குப் பெயர் ‘லேசா கீது.’ அவருக்குக் கேழ்வரகுக் களி, பாகற்காய், வேளைக்கு மாத்திரை. அவளுக்கு ஈ.சி.ஆர். ரிசார்ட் ஒன்றில் தினம் பதினாலு ரூம் கூட்டித் துடைக்கிற வேலை. மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி ஒட்டிப் போட்டு, எதிரே ஒரு பெஞ்சில் காலை நீட்டச் சொன்னார்கள். நாலு பாதமும் வரிசையாக இருந்தன. ஷாரோன் என்று ஒரு சின்ன வயது நர்ஸ், ஸ்டூலில் உட்கார்ந்து, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையைக் கையில் எடுத்தாள்.

“ரெண்டு பேரும் கண்ண மூடிக்கோங்க. இதால பாதத்துல தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்க.”

மூடிக்கொண்டார்கள். ஜெரோம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“தெரியுதா?”

“இல்லியே சிஸ்டர்,” என்றார் அவர்.

“இப்போ?”

“இல்ல.”

“இங்க? நல்லா அழுத்தித் தொடறேன்.”

“ஐயோ, ஒண்ணுமே தெரியலியே சிஸ்டர்!”

நர்ஸின் குரல் மாறியது. “இந்தக் காலைத் தரையில ஊனவே கூடாது. நரம்பு செத்துட்டதால வலி தெரியல. உள்ள கணுக்கால் எலும்பு, ஜாயிண்ட்டு எல்லாம் உடைஞ்சிகினு கீது. நடக்க நடக்கப் பாதம் அப்படியே நொறுங்கிப் போயிடும். அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும். செங்கல்பட்டுல எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க, மாவுக்கட்டு போட்டா காப்பாத்திடலாம். செவ்வா, வெள்ளி நான் அங்கதான் இருப்பேன். இருங்க, டாக்டரைக் கூட்டினு வரேன்.”

இந்தக் கால் என்று அதைத் தட்டிக் காட்டித்தான் சொல்லியிருப்பாள். தட்டியது தெரிந்தால்தானே!

ஜெரோம் கண்ணைத் திறந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. நர்ஸ் தூரத்தில் டாக்டர் மேஜைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். சொன்னதில் மாவுக்கட்டு, காப்பாற்றுவது எல்லாம் அவர் காதில் விழுந்து அந்தப் பக்கமே போய்விட்டது. ‘காலையே எடுக்க’ என்பது மட்டும் உள்ளே நின்றது. டாக்டர் வரும்போதே கத்தியோடு வருவார் என்று தோன்றியது. ஜெசிந்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்.

“யோவ், இன்னாய்யா! எனக்கு இன்னும் பாக்கவேயில்ல!”

“உனக்கு இன்னாடி, கல்லு மாரி கீற. வா, வா!”

பாதித் தெரு ஓடிய பிறகுதான் கால் ஊனக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. அங்கேயே ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். எந்தக் கால் என்ற கேள்வி அந்த இடத்தில் பிறந்ததுதான். ஜெசிந்தாவைக் கேட்டார்.

“நானும் கண்ண மூடிகினுதான இருந்தேன்? எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அவள்.

அவ்வளவு பயம் ஏன் என்று கேட்கலாம். படாளத்தில் ஜெரோமுக்குப் பெரியம்மா மகன் முனிசாமி என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு முதலில் கட்டைவிரல் போனது. “விரல்தானே” என்றார்கள். பிறகு பாதி பாதம் போனது. “பாதிதானே” என்றார்கள். தீபாவளிக்குள் முழங்கால் வரை வந்துவிட்டது. அவரைப் பார்க்கப் போன ஜெரோம், ஆரஞ்சுப் பழத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, கால் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடப்பதைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் போர்வை போர்த்துவதையே விட்டுவிட்டார்.

கேட்டில் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கொரோனா காலத்தில் வருகிறவர்கள் நெற்றியில் வைத்துப் பார்த்த ஜுரத் துப்பாக்கி, இன்னும் மேஜை டிராயரில் கிடந்தது. இரண்டு வருஷம் அதைப் பிடித்து ஆயிரக்கணக்கான நெற்றிகளைப் பார்த்தவர் அவர். நம்பரோடு பச்சை விளக்கு எரிந்தால் நல்ல ஆள், உள்ளே விடலாம். சிவப்பு எரிந்தால் ஜுரம். ‘லோ’ என்று காட்டினால் சூடே இல்லை என்று அர்த்தம். சூடு இல்லாத காலே செத்த கால் என்று முடிவு கட்டிக்கொண்டு, ஷூவைக் கழற்றி இடது பாதத்தில் வைத்து அழுத்தினார்.

‘லோ.’

சரி, கெட்டது இடதுதான், தெரிந்துவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஒரு ஒப்புக்காக வலது பாதத்திலும் வைத்தார்.

‘லோ.’

சாயங்காலம் துப்பாக்கியைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். ஜெசிந்தா அப்போதுதான் வேலை விட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“காலைக் காட்டு.”

“எதுக்கு?”

“காட்டுடீ.”

கையெட்டும் தூரத்தில் இருந்த அவள் இடது பாதத்தில் வைத்து அழுத்தினார். பீப் என்றது. பச்சை விளக்கு. முப்பத்தைந்து புள்ளி இரண்டு.

“பாத்தியா? இதாண்டி உசுருள்ள காலு!” என்றார் ஜெரோம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. “என்னிது ரெண்டும் போச்சு, ஜெசி. ரெண்டுத்துலயும் உசுரு இல்ல.”

“நெத்திக்கு வெக்கிறதைக் காலுக்கு வெச்சா கரெக்டா காட்டுமாய்யா?”

“பச்சை எரிஞ்சிதே, அது இன்னா பொய்யா?”

“நாளிக்கு செவ்வாதான? அந்த சிஸ்டரு இருப்பேன்னுச்சே. லீவு போட்டுட்டு வரேன், செங்கல்பட்டு போலாம்.”

“போனா ரெண்டையும் எடுத்துடுவானுங்க. காலு இல்லாம திரும்பி வர்றதுக்கு, காலோட வூட்லயே கெடக்கிறேன்.”

கிடந்தார். மறுநாளிலிருந்து ஜெரோமின் இரண்டு பாதங்களும் தரையைத் தொடவில்லை. கட்டிலில் தலையணை மேல் தலையணை போட்டு, அதன்மேல் அவற்றை வைத்திருந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் பாதங்களைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் நடக்காத நடையையெல்லாம் ஜெசிந்தா நடந்தாள். விடியற்காலையில் தெருக்குழாயில் ஆறு குடம். முன்பு மூன்று அவர் பங்கு. அவருக்குக் களி கிண்டி வைத்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மாடிப்படி ஏறிப் பதினாலு ரூம். திரும்பும் வழியில் மருந்துக் கடை, காய்க்கடை. ஒருநாள் சிறுசேரிவரை போய் அவருடைய லீவு லெட்டரையும், யாரும் பார்க்காத நேரத்தில் ஜுரத் துப்பாக்கியையும் சேர்த்துவிட்டு வந்தாள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அவள்தான் வாகனம். எழுபத்தெட்டு கிலோ ஜெரோம் அவள் முதுகில் தொங்கிக்கொள்ள, ‘யேசுவே, யேசுவே’ என்ற முனகலோடு பன்னிரண்டு அடி நடப்பாள். யேசுவைக் கூப்பிட்டது அவர்.

வியாழக்கிழமை அவள் அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புவதை ஜெரோம் பார்த்துவிட்டார்.

“இன்னாடீ, என் செருப்பைப் போட்டுகினு போற?”

“என்னுது பத்த மாட்டேங்குதுய்யா. அலைச்சலு, காலு கொஞ்சம் உப்பிகினு கீது. நீதான் நடக்கலியே.”

உயிரோடு இருக்கும்போதே செருப்பு கைமாறிவிட்டது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. அதாவது, மத்தியானம்வரை.

மத்தியானம் பக்கத்து வீட்டு மோசஸ் வந்தான். ஐ.டி. கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். யோசனை சொல்வதில் வள்ளல்.

“மச்சான், செத்த நரம்புக்கு உப்புத் தண்ணி. சுடச் சுட. எங்க மாமியாரு முட்டி வலிக்கு அதான் பண்ணுச்சு.”

“இப்ப எப்படிக் கீது?”

“மாமியாரு இல்ல. ஆனா முட்டி வலி போச்சு.”

அன்று மாலை ஜெசிந்தா அடுப்பிலிருந்து தண்ணீரை அன்னக்கூடைப் பாத்திரத்தில் கொட்டி, கல்லுப்பு போட்டு, இரண்டு கையாலும் தூக்கி வந்து கட்டிலோரம் வைத்தாள். ஒரு காலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

“வெதுவெதுன்னுதான் கீது. வெய்யி.”

ஜெரோம் இரண்டு பாதங்களையும் ஒன்றாக உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் “ஐயோ அம்மா!” என்று அலறிக்கொண்டு எழும்பித் தரையில் குதித்தார். குதித்த பிறகு, தான் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்து, “ஐயோ, ஊனிட்டேன்!” என்று அதைவிடப் பெரிதாக அலறிக்கொண்டு கட்டிலில் விழுந்தார். பாதம் இரண்டும் சிவந்துவிட்டன.

“கொதிக்கிற தண்ணியை வெதுவெதுன்ற! அடுப்பாண்டயே கெடந்து வெந்து வெந்து உனுக்கு சூடே தெரியாமப் போச்சு!”

“சுட்டுச்சா உனுக்கு?” ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது. “யோவ், சுட்டுச்சுன்னா நரம்பு உசுரா கீதுன்னுதான அர்த்தம்?”

ஒரு கணம் ஜெரோமுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பயந்தவனிடம் நல்ல சேதி அதிக நேரம் தங்காது.

“அணையப் போற வெளக்குதாண்டி நல்லா எரியும்,” என்றார். “இதான் கடைசி. இனிமே ஒண்ணும் தெரியாது, பாரு.”

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டதோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கிப் போய்த் தண்ணீரைக் கொட்டினாள். அன்றிலிருந்து அவளும் பயந்தாள். ராத்திரி தூங்காமல் அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால் போய்விட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார், கேட்டில் நிற்கிற வேலையைத் தவிர வேறென்ன தெரியும் என்று நினைத்து நினைத்து அழுவாள்.

சனிக்கிழமை மோசஸ் இன்னொரு யோசனையோடு வந்தான். இந்த முறை அதைத் தலையில் சுமந்து வந்தான். கம்பெனியில் கழித்துக் கட்டிய சக்கர நாற்காலி. அதாவது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுற்றுவார்களே, அது. ஐந்து சக்கரத்தில் நாலு நன்றாக உருண்டன.

“இனிமே அக்கா உன்னைத் தூக்க வேணாம், மச்சான். தள்ளினா போதும். நாளிக்கு இதுலயே கோயிலுக்குப் போ. ஜாக்குலின் அக்கா ஜெபக் கூட்டத்துல தலையில கை வெச்சா எல்லாம் செரியாப் போவும்.”

கோயிலுக்குப் போகிற தெரு கடற்கரையைப் பார்த்துச் சரிவாக இறங்கும். பிறந்ததிலிருந்து அதில் நடக்கிறவர்களுக்கு அது சரிவு என்றே தெரியாது. சக்கரத்துக்குத் தெரிந்தது. ஞாயிறு காலை, வெள்ளைச் சட்டையும் கையில் ஜெபமாலையுமாக உட்கார்ந்திருந்த ஜெரோமை ஜெசிந்தா தள்ளிக்கொண்டு போனாள். முனை திரும்பியதும் நாற்காலி அவள் கையை விட்டுத் தானே புறப்பட்டது.

“ஜெசீ! புடிடீ!”

அவள் அந்தப் பெரிய செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். நாற்காலி சுற்றிச் சுற்றிப் போனதால் ஜெரோம் ஒரு சுற்றுக்குக் கடலையும் ஒரு சுற்றுக்குத் தன் பின்னால் தலைவிரிகோலமாக ஓடிவருகிற மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். காலை நீட்டித் தரையில் தேய்த்தால் நாற்காலி நின்றுவிடும். அது அவருக்கும் தெரியும். ஆனால் கால் போய்விடுமே! இரண்டு காலையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

கோயில் வாசலில் மீன் விற்கிறவர்களின் ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. நாற்காலி அதில் மோதி நின்றது. ஜெரோம் நிற்கவில்லை. முன்னால் பறந்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, ஜெபமாலையோடு நேராக எழுந்து நின்றார்.

ஜெபக் கூட்டத்துக்காக அப்போதுதான் வெளியே வந்த ஜாக்குலின் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு கூவினாள்.

“அல்லேலூயா! ஜெரோம் அண்ணன் எழுந்து நின்னுட்டாரு! நான் கைகூட வெக்கல, அதுக்குள்ள நின்னுட்டாரு!”

“ஐயோ, என்னைத் தூக்குங்க! தூக்குங்க!” என்று ஜெரோம் கதறினார்.

ஜனங்கள் தூக்கினார்கள். தோளில் தூக்கிவைத்துக் கோயிலை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். பின்னால் மூச்சு வாங்க வந்து சேர்ந்த ஜெசிந்தா, படியில் உட்கார்ந்து நன்றி சொல்லி அழுதாள்.

ஊர் வாய்க்கு மோசஸின் வேன் போதாதா? திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அற்புதம் சிறுசேரி போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்பதேகாலுக்கு சுப்புராமன் போன் செய்தார்.

“என்ன ஜெரோம், எழுந்து நடந்துட்டியாமே? சந்தோஷம். நாளைக்கு டூட்டிக்கு வந்துடு.”

“சார், நான் நடக்கல சார். நின்னேன். அதுவும் தெரியாம நின்னேன்.”

“நிக்கிறதுதானே உன் வேலை? இதோ பாரு, ஒண்ணு நாளைக்கு கேட்டுல நீ இருக்கணும். இல்ல, கால் சரியில்லைன்னு டாக்டர் சீட்டு இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா வேற ஆள் போட்டுடுவேன்.”

கால் போனால் வேலை போகும். காலைக் காப்பாற்ற வீட்டில் கிடந்தாலும் வேலை போகும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? செவ்வாய்க்கிழமை மோசஸின் நண்பர் ஆட்டோவில் ஜெசிந்தா அவரை ஏற்றினாள். கேளம்பாக்கம், திருப்போரூர் என்று ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும், ஜெரோம் தன் பாதங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வருஷம் கூடவே இருந்தவை. ஒருநாளாவது அவற்றைச் சரியாகத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறோமா என்று நினைத்து, துண்டால் இரண்டையும் துடைத்துவிட்டார்.

செங்கல்பட்டில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஒரே ஒரு வீல்சேர் இருந்தது. ஜெசிந்தா அவரை அதில் உட்காரவைத்து, சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு ஏறினாள். ஏறி முடிப்பதற்குள் இரண்டு தரம் நின்றாள். மாவுக்கட்டு அறைக்கு வெளியே வரிசையில் விட்டார்கள். ஜெரோம் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. அவருக்கு ஒரு பேன்ட் கால் மடித்துப் பின் குத்தியிருந்தது.

மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்டது. மின்சார ரம்பம். கொஞ்சம் நிற்கும், மறுபடி அறுக்கும்.

“ஜெசி, வூட்டுக்குப் போயிடலாம்.”

“கட்டு பிரிக்கிற மிசினுய்யா அது. இப்பதான் ஆயா சொல்லுச்சு.”

“ஆயா அப்படித்தான் சொல்லும்.”

கதவு திறந்தது. ஒரு பெரியவர் இரண்டு காலோடும் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். ஜெரோமுக்கு அதுவும் நம்பிக்கை தரவில்லை. அவர் கையைப் பின்னால் நீட்டி மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். அது வேர்வையில் நனைந்திருந்தது.

“காலு போச்சின்னா என்ன வுட்டுட்டுப் போயிடுவியா?”

“எங்கய்யா போறது? போறதுக்கும் காலு நடக்கணுமே. இன்னிக்கு என்னாமோ சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது.”

ஜெரோம் வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்பட்டார். எட்டு நாள். தண்ணீர், கடை, வேலை, முதுகில் அவர். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை இவள். கால் மட்டும் தப்பட்டும், ஆறு குடத்தையும் இனி நானே தூக்குகிறேன், மாதாவே, இவளை ஒரு அடி நடக்க விடமாட்டேன் என்று கண்ணீரோடு வேண்டிக்கொண்டார். அவ்வளவு பயத்திலும் அந்த வேண்டுதல் நிஜமானதுதான்.

“அடுத்து வாங்க!”

ஜெசிந்தா வீல்சேரை உள்ளே தள்ளினாள். ஷாரோன் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொட்டியருகே மாவுக்கட்டுச் சுருளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் திருப்பி ஒரு பார்வை பார்த்தவள், முகம் தெரிந்ததும் பொரிந்து தள்ளினாள்.

“கோவளம் கேஸ்தான? டாக்டரைக் கூட்டினு வர்றதுக்குள்ள எங்க ஓடினீங்க? எத்தினி நாளா இந்த வாசலையே பாத்துகினு இருந்தேன்! அது என்ன சாதாரண வீக்கம்னு நெனச்சீங்களா?”

“பயந்துட்டோம் சிஸ்டர்,” என்றார் ஜெரோம்.

“சரி, வந்தீங்களே. ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லணும். அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் கால் தரையில பட்டுச்சா?”

இந்தக் கேள்விக்காகத்தான் ஜெரோம் ஒன்பது நாளும் காத்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“போன செவ்வாலேர்ந்து ரெண்டே ரெண்டு தடவை, தெரியாம. மத்தபடி ஒரு அடி நடக்கல சிஸ்டர். மாதா சத்தியமா!”

“தண்ணி தூக்கறது, வேலைக்குப் போறது?”

“கட்டிலை வுட்டு எறங்கவேயில்ல சிஸ்டர்.”

“அப்பாடா!” என்று நர்ஸ் பெருமூச்சு விட்டாள். “அப்போ கால் தப்பிச்சிது. மூணு மாசம் கட்டு, அவ்ளோதான். ஒரு வாரம் அந்தக் காலோட அலைஞ்சிருந்தா உள்ள எலும்பெல்லாம் தூளாப் போயிருக்கும், எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.”

ஜெரோம் தேம்பித் தேம்பி அழுதார். ஜெசிந்தா பின்னாலிருந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “சொன்னேன்ல, சொன்னேன்ல” என்று அவளும் அழுதாள். வெட்டப்படாத இரண்டு பாதங்களையும் ஜெரோம் ஒன்றாகத் தூக்கி நீட்டினார்.

நனைந்த சுருளோடு திரும்பிய ஷாரோன், நீட்டிய கால்களைப் பார்த்தாள். வீல்சேரைப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளின் பாதத்தைப் பார்த்தாள்.

“எறங்குங்கண்ணே, அக்கா ஒக்காரட்டும், அன்னிக்கு நான் தொட்டுப் பாத்தது அவங்க காலைத்தான், உங்க காலை நான் இன்னும் தொடவேயில்லியே!”